கையிருப்புக்குள் பசுமை: வாசகர் கேள்வி – பதில்

குறைந்த வருமானத்தில் சுற்றுச்சூழலுக்கு ஏற்றபடி குடும்பம் நடத்துவது குறித்துக் கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, மாதக் கடைசியில் கையில் என்ன மிஞ்சும் என்று பார்த்துப் பார்த்துச் செலவு செய்கிற வீடுகளிலிருந்து வந்தவை. ஆகையால், பெரும்பணம் போட்டால் மட்டுமே செய்யக்கூடிய யோசனைகளை ஒதுக்கிவிட்டு, அந்த வீடுகளுக்குக் கைகொடுக்கக்கூடிய பதில்களையே எழுத முயன்றிருக்கிறேன். கேட்டவர்களின் விருப்பப்படி பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி (இரண்டு பிள்ளைகளின் தாயான ஒரு வாசகி): மூங்கில் பல்துலக்கி, கண்ணாடிக் குடுவைகள், எஃகுத் தண்ணீர்க் குடுவை, இயற்கைப் பருத்தி உடைகள் என்று, பசுமையாக வாழ்வதற்கு வாங்க வேண்டியவற்றின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஒருவர் வருமானத்தில் நால்வர் வாழும் எங்கள் வீட்டில் இவற்றில் ஒன்றைக்கூட வாங்க இயலவில்லை. அடுக்களையில் உள்ள பிளாஸ்டிக் டப்பாக்களைப் பார்க்கும்போதெல்லாம் குற்றவுணர்வு வருகிறது. வசதி இல்லாதவர்களால் இயற்கையைப் பேண முடியாதா?

பதில்: அந்தக் குற்றவுணர்வை முதலில் இறக்கி வையுங்கள், சகோதரி. அது உங்கள் தலையில் ஏற்றப்பட வேண்டிய சுமையே அன்று. 2022-ஆம் ஆண்டின் உலக ஏற்றத்தாழ்வு அறிக்கை தரும் கணக்குப்படி, 2019-இல் உலகெங்கும் வெளியேறிய, புவியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களில் ஏறத்தாழ 48 சதவீதத்துக்கு, மிக அதிகமாக வெளியேற்றும் 10 சதவீத மக்களே காரணம். கீழ்ப்பாதியில் இருக்கும் 50 சதவீத மக்களின் பங்கு வெறும் 12 சதவீதம். சிறிய வீட்டில் பலர் சேர்ந்து வாழ்வது, மூத்த பிள்ளையின் உடையை இளைய பிள்ளைக்குப் போடுவது, பழுதானதைச் சரிசெய்து பயன்படுத்துவது, பேருந்தில் போவது ஆகிய, உங்கள் வீட்டில் வேறு வழியின்றி நடந்துகொண்டிருக்கும் காரியங்களைத்தான் வசதியான வீடுகள் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நீங்கள் குறிப்பிடும் பட்டியல் ஒரு கடைக்காரரின் பட்டியல். அதிலுள்ள பொருள்கள் கெட்டவை என்று சொல்லமாட்டேன். ஆனால் வீட்டில் ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருக்கும் ஒன்றைத் தூக்கி எறிந்துவிட்டு அதன் இடத்தில் வைப்பதற்காக வாங்கப்படும் எதுவும் இயற்கைக்கு நன்மை செய்வதில்லை. உங்கள் பிளாஸ்டிக் டப்பாவைச் செய்வதற்கான எண்ணெயும் எரிபொருளும் என்றைக்கோ செலவாகிவிட்டன. அதைக் குப்பையில் போடுவதால் அவை திரும்பி வரப்போவதில்லை. சூடான உணவை மட்டும் அதில் வைக்காமல், கீறல் விழுந்து பழையதானவற்றை உலர்ந்த பொருள்களுக்கோ ஊசி நூலுக்கோ ஒதுக்கி, உடையும்வரை பயன்படுத்துங்கள்.

துணிப்பையின் கதையையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒரு முறை பயன்படுத்தப்படும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் பருத்திப் பை புவி வெப்பமாதல் கணக்கில் குறைந்த கேடு உடையதாக ஆக வேண்டுமானால், அதைக் குறைந்தது 131 முறை பயன்படுத்த வேண்டும் என்று கண்டறியப்பட்டது. பருத்தியை விளைவிக்கவும் நூற்கவும் நெய்யவும் அவ்வளவு செலவாகிறது. விழாவுக்கு விழா இலவசமாகக் கிடைக்கும் துணிப்பைகளைச் சேர்த்து வைத்திருப்பவரைவிட, கிழிந்த போர்வையில் தைத்த ஒரே பையைப் பத்து ஆண்டுகளாகத் தூக்கிச் செல்பவரே அந்தப் பையின் பயனை முழுமையாகப் பெறுகிறார். பிளாஸ்டிக் பைகளுக்கு இதனால் நற்சான்று கிடைத்துவிட்டதாகக் கருத வேண்டாம். இந்தக் கணக்கில் அவை கடலிலும் சாக்கடையிலும் போய்ச் சேர்வதால் நேரும் கேடு இடம்பெறவில்லை.

ஒரு வீட்டின் உள்ளே நடப்பவற்றில் பணமும் இயற்கையும் சேர்ந்து கரைகிற இடங்கள் மூன்று: எதையாவது சூடாக்குவது, உணவை வீணாக்குவது, புதிதாகப் பொருள் வாங்குவது. மற்றவை எல்லாம் இவற்றுக்கு அடுத்தபடியாக வருபவை. கீழே உள்ள பதில்கள் திரும்பத் திரும்ப இந்த மூன்றிடமே வந்து நிற்பதற்கு அதுவே காரணம்.

கேள்வி (ஓர் அலுவலகப் பணியாளர்): மின்கட்டணம் கட்டுப்படியாகவில்லை. அறையை விட்டு வெளியே வரும்போதெல்லாம் விளக்கை அணைக்குமாறு பிள்ளைகளைக் கடிந்துகொள்கிறேன். ஆனாலும் பில் குறையவில்லை. எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: தவறு பிள்ளைகள்மீது இல்லை என்றே தோன்றுகிறது. உங்கள் வீட்டு மீட்டர் காட்டும் ஒரு யூனிட் என்பது 1,000 வாட் ஆற்றலில் ஒரு மணி நேரம் ஓடும் மின்சாரம். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று ஒரு யூனிட்டைத் தீர்ப்பதற்கு 111 மணி நேரம் எரிய வேண்டும். இனி, குளியலறைக்குள் வாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 1.16 வாட்-மணி தேவை. எனவே 20 லிட்டர் கொண்ட ஒரு வாளித் தண்ணீரை 20 டிகிரி சூடாக்க 460 வாட்-மணிக்கு மேல், அதாவது அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகிறது. பிள்ளை அணைக்க மறந்த அந்தப் பல்பு இரண்டு பகலும் இரண்டு இரவும் இடைவிடாமல் எரிந்தால்தான் உங்களுடைய ஒரு குளியலுக்கு ஈடாகும். நால்வர் நாள்தோறும் இப்படிக் குளித்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 56 யூனிட். விளக்கை அணைப்பது நல்ல பழக்கம்தான். அதற்காக வீட்டில் சண்டை வேண்டியதில்லை.

ஆகவே சூட்டிலிருந்து தொடங்குங்கள். கீசரைக் குளிப்பதற்குச் சற்று முன்பு மட்டும் போடுவது, அதன் வெப்பநிலையைக் குறைத்து வைப்பது, வெயில் காலத்தில் அதைத் தொடாமலே இருப்பது ஆகியவற்றுக்குச் செலவே கிடையாது. தண்ணீரைத் தேக்கிவைக்கும் வகைக் கீசரை மிகக் குறைந்த சூட்டிலேயே எப்போதும் விட்டுவைத்தால் கிருமிகள் பெருகக்கூடும் என்பதால், தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கும் அளவுக்குக் கீழே போக வேண்டாம். சலவை இயந்திரத்தில் வெந்நீர் ஓட்டத்தைத் தவிர்த்துவிட்டால், அது இழுக்கும் மின்சாரத்தின் பெரும்பகுதி மிச்சமாகும்; ஏனெனில் அங்கும் செலவு சூடாக்குவதில்தான் இருக்கிறது. உலர்த்தும் இயந்திரம் ஒருமுறை ஓடினாலே சில யூனிட்களை விழுங்கிவிடும், கொடியில் காயவைத்தால் ஒன்றுமில்லை. இஸ்திரியைப் பொறுத்தவரை, துணிகளைச் சேர்த்துவைத்து வாரம் ஒருமுறை தேய்ப்பது நல்லது. நன்றாக உதறிக் காயப்போட்டால் பாதித் துணிகளுக்கு அதுவும் வேண்டியிராது.

அடுத்து வருவது குளிர்சாதனப் பெட்டி. இரவும் பகலும் ஓடும் பெரிய கருவி அது ஒன்றுதான். பின்புறச் சுவருக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். அது தடையின்றி வழுக்கிக்கொண்டு வந்தால் கதவின் ரப்பர் தளர்ந்துவிட்டது என்று பொருள். உட்பகுதி 4 டிகிரி அளவில் இருந்தால் போதுமானது.

கடைசியாக ஒரு சோதனை. இரவு எல்லாவற்றையும் அணைத்தபின் மீட்டரைக் குறித்துக்கொண்டு, காலையில் எழுந்ததும் மறுபடி பாருங்கள். குளிர்சாதனப் பெட்டியும் மின்விசிறிகளும் இழுத்திருக்கக்கூடியதை உத்தேசமாகக் கழித்த பிறகும் கணிசமாக மிஞ்சினால், உங்களுக்குத் தெரியாமல் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அது என்ன என்பதற்கு அடுத்த பதில் உதவக்கூடும்.

கேள்வி: கைபேசி சார்ஜரைச் சுவரிலேயே விட்டுவைப்பதால் மின்சாரம் வீணாகிறதா?

பதில்: வீணாகிறது, ஆனால் எறும்பு தின்கிற அளவுக்குத்தான். ஒரு வாட் அளவுக்கு இடைவிடாமல் ஓடும் எதுவும் ஆண்டுக்கு 8.76 யூனிட் எடுக்கும். இன்றைய நல்ல சார்ஜர்கள் கைபேசி இணைக்கப்படாதபோது 0.1 வாட் அளவில் எடுப்பதால், ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் ஒரு யூனிட்டைத் தொடுவதில்லை. ரிமோட்டால் அணைத்துவிட்டு அணைந்ததாக நினைத்துக்கொள்கிறோமே, அந்தப் பழைய செட்-டாப் பாக்ஸ்களைக் கவனியுங்கள். அவற்றில் பல, அணைந்த நிலையிலும் 10 வாட்டுக்குக் குறையாமல் எடுத்துக்கொண்டிருக்கும். அதாவது ஆண்டுக்கு 87 யூனிட்டுக்கு மேல். சுவரிலுள்ள சுவிட்சை அணையுங்கள்.

கேள்வி (தனியாகக் குடும்பத்தை நடத்தும் ஒரு வாசகி): சமையல் எரிவாயுவைச் சிக்கனப்படுத்த வழி சொல்லுங்கள். புது அடுப்பு வாங்கும் நிலையில் இல்லை.

பதில்: புது அடுப்பு வேண்டாம், ஒரு மூடி போதும். சாதாரண அறை வெப்பநிலையில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படும் வெப்பத்தைப்போல ஏறத்தாழ ஏழு மடங்கு, கொதித்துக்கொண்டிருக்கும் அதே ஒரு லிட்டரை முழுவதும் ஆவியாக்கத் தேவைப்படுகிறது. திறந்த பாத்திரத்திலிருந்து எழும் நீராவி ஒவ்வொன்றிலும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வாயு வெளியேறிக்கொண்டிருக்கிறது. கொதி வந்தபின் தீயை எவ்வளவு ஏற்றினாலும் தண்ணீரின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது என்பதால், பொருள் சீக்கிரம் வேகப்போவதும் இல்லை. தண்ணீர்தான் சீக்கிரம் வற்றும். எனவே கொதி வரும்வரை மூடி போட்டு நல்ல தீயிலும், கொதித்த பின் சிறு தீயிலும் வைக்க வேண்டும். குக்கர் வேகமாகச் சமைப்பதன் இரகசியமும் இங்கேதான் இருக்கிறது: உள்ளே அழுத்தம் கூடுவதால் தண்ணீர் 120 டிகிரிக்கு அருகில் கொதிக்கிறது. ஆனால் அழுத்தம் வந்துவிட்ட பிறகும் முழுத் தீயில் விட்டு, அது ஓயாமல் சீறிக்கொண்டிருப்பதைக் கேட்டுக்கொண்டே இருப்பது, மூடியில்லாத பாத்திரத்தில் சமைப்பதற்கு ஒப்பாகும்.

பருப்பையும் பயறையும் முந்தைய இரவே ஊறவைத்தால் வேகும் நேரம் வெகுவாகக் குறையும். அடுப்பின் தீ மஞ்சளாகவும் பாத்திரத்தின் அடி கரியாகவும் இருந்தால் பர்னரின் துளைகள் அடைத்திருக்கலாம். குளிர்ந்த பின் கழற்றித் துளைகளைச் சுத்தம்செய்யுங்கள். போர்க்காலங்களில் எரிபொருள் தட்டுப்பாட்டுக்கு அஞ்சிப் பலர் கையாண்ட ஒரு பழைய முறையும் உண்டு. கொதித்துக்கொண்டிருக்கும் பாத்திரத்தை மூடியோடு இறக்கி, வைக்கோலோ கம்பளியோ அடைத்த பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால், மீதி வேகல் அந்தச் சூட்டிலேயே நடந்துவிடும். அரிசிக்கும் மெல்லிய பயறுகளுக்கும் இது பொருந்தும். இறைச்சியை இப்படி வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. 60 டிகிரிக்குக் கீழே சூடு இறங்கிவிட்டால் கிருமிகள் பெருகத் தொடங்கும்.

கேள்வி (கூட்டுக் குடும்பத்தின் மருமகள்): என் மாமியார் எப்போதும் தேவைக்கு மேல் சமைக்கிறார். மிஞ்சியது குளிர்சாதனப் பெட்டியில் இருந்து, நான்காம் நாள் குப்பைக்குப் போகிறது. அவர் மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது?

பதில்: உங்கள் வீடு விதிவிலக்கானது அன்று. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, 2022-இல் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணானதாகவும், அதில் 60 சதவீதம் உணவகங்களிலும் கடைகளிலும் அல்லாமல் வீடுகளில் வீணானதாகவும் மதிப்பிடுகிறது. தலைக்கு ஆண்டுக்கு 79 கிலோ. பணக்கார நாடுகளின் வீடுகளுக்கும் நடுத்தர வருமான நாடுகளின் வீடுகளுக்கும் இதில் பெரிய வேறுபாடு இல்லை என்பது அந்த அறிக்கையில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த செய்தி. வீணாகும் உணவோடு அதை விளைவித்த நீரும் உரமும், ஏற்றிவந்த டீசலும், வேகவைத்த வாயுவும், குளிரவைத்த மின்சாரமும் வீணாகின்றன. குப்பைமேட்டின் அடியில் காற்றில்லாமல் அழுகும்போது அது மீத்தேனாகவும் மாறுகிறது. 20 ஆண்டுக் காலக்கணக்கில் மீத்தேன், அதே எடையுள்ள கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கக்கூடியது.

இந்தப் புள்ளிவிவரங்களை உங்கள் மாமியாரிடம் வாசித்துக் காட்ட வேண்டாம். பலருக்கு உணவிட்டுப் பழகிய கைக்கு, யாருக்காவது போதாமல் போய்விடுமோ என்ற அச்சம் எளிதில் போகாது. அவர் சமைக்கும் அளவைப் பற்றிப் பேசாமல், மிஞ்சியதை நிர்வகிக்கும் பொறுப்பை நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மிஞ்சிய உணவைச் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் சிறு பாத்திரங்களில் பிரித்து உள்ளே வைத்து, கண்ணுக்கு நேரே இருக்கும் தட்டு ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, வாரத்தில் இரண்டு வேளைகளைப் புதிதாக எதுவும் சமைக்காமல் அந்தத் தட்டிலிருந்தே முடிப்பது என்று வையுங்கள். குப்பைக்குப் போவதை ஒரு வாரம் மட்டும் தாளில் எழுதி, யாரையும் சுட்டாமல் அடுக்களைச் சுவரில் ஒட்டுங்கள். வீணாவது எது என்று எழுத்தில் தெரிந்தால், எதைக் குறைப்பது என்பதை அவரே முடிவுசெய்துவிடக்கூடும். அடுக்களையில் அவருடைய அனுபவம் உங்களுடையதைவிடக் கூடுதல்.

கடைகளில் வாங்கும் உறையிட்ட பொருள்களில் இரண்டு வகையான தேதிகள் உண்டு. ‘இத்தேதிக்குள் பயன்படுத்துக’ என்பது பாதுகாப்பைக் குறிப்பது, அதை மீறக் கூடாது. ‘இத்தேதிவரை தரம் சிறப்பாக இருக்கும்’ என்பது சுவையையும் மணத்தையும் பற்றியது. அந்தத் தேதி கடந்த மறுநாளே உலர்ந்த தானியத்தைக் கொட்டிவிட வேண்டிய தேவை இல்லை.

கேள்வி (கைக்குழந்தையின் தந்தை): ஒருமுறை பயன்படுத்தி எறியும் டயப்பர், துவைத்துப் பயன்படுத்தும் துணி டயப்பர் — இரண்டில் எது இயற்கைக்கு நல்லது?

பதில்: எப்படித் துவைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்தக் கேள்வியை நேராகவே எடுத்துக்கொண்டு பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒரு குழந்தைக்கு இரண்டரை ஆண்டுகள் எறியும் டயப்பரைப் போட்டால் ஏறத்தாழ 550 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான வெளியேற்றம். துணி டயப்பருக்குச் சராசரியாக 570 கிலோ. துணி தோற்றுவிட்டதே என்று பலரும் வியந்தனர். ஆனால் அதே ஆய்வு வேறொன்றையும் சொன்னது: இயந்திரம் நிறையத் துணி சேர்ந்த பின்பே துவைத்து, வெளியில் கொடியில் காயவைத்து, அடுத்த குழந்தைக்கும் அதே துணிகளைப் பயன்படுத்தினால், 200 கிலோ, அதாவது 40 சதவீத அளவுக்குக் குறைக்க முடியும். மிகுந்த சூட்டில் துவைத்து இயந்திரத்தில் உலர்த்தினாலோ, எறியும் டயப்பரைவிட மோசமாகிவிடும். பிரிட்டன் அரசுக்காக நடத்தப்பட்டு 2023-இல் வெளியான மறு ஆய்வில் துணி டயப்பர் ஏறத்தாழ 25 சதவீதம் முன்னிலை பெற்றது. உங்கள் வீட்டில் துவைப்பதும் கொடியும் எப்படியும் இருக்கும் என்றால், பணக்கணக்கில் துணிக்கு ஈடே இல்லை. தொப்புள்கொடி விழாத பச்சைக் குழந்தையோடு தூக்கமின்றித் தவிக்கும் முதல் சில வாரங்களில் எறியும் வகையைப் பயன்படுத்தியதற்காக எந்தத் தாயும் தந்தையும் வருந்த வேண்டியதில்லை. துவைக்கப்போவது யார் என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ‘இயற்கைக்காக’ என்று தீர்மானிப்பவர் ஒருவரும் துவைப்பவர் இன்னொருவரும் என்றால் அந்தத் தீர்மானம் நெடுநாள் நிலைக்காது.

கேள்வி (பதினாறு வயது மாணவி): என் கைபேசி மூன்று ஆண்டுகள் பழையது. அரை நாளில் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. புதியது கேட்டால், "பேட்டரியை மாற்றிக்கொள், சுற்றுச்சூழலுக்கும் நல்லது" என்கிறார் அப்பா. பணம் இல்லை என்று சொல்வதற்குப் பதிலாக அவர் சுற்றுச்சூழலைக் காரணம் காட்டுகிறார் என்று நினைக்கிறேன். நீங்கள் யார் பக்கம்?

பதில்: அப்பா பக்கம்தான் மகளே, பொறுத்துக்கொள். ஒரு கைபேசி தன் ஆயுளில் ஏற்படுத்தும் வெளியேற்றத்தின் பெரும்பகுதி, அது உன் கைக்கு வருவதற்கு முன்பே, சுரங்கத்திலும் தொழிற்சாலையிலும் நடந்து முடிந்துவிடுகிறது. நீ சார்ஜ் போடும் மின்சாரம் மிகச் சிறிய பகுதி. எனவே ஒரே கைபேசியை மூன்றுக்குப் பதில் ஆறு ஆண்டுகள் வைத்திருந்தால், அந்தத் தயாரிப்புச் சுமை ஆண்டுக்குப் பாதியாகக் குறைகிறது. லித்தியம் பேட்டரிகள் சில நூறு முறை சார்ஜ் ஆன பின் திறன் இழப்பது இயல்பு. பேட்டரி முதுமையடைந்தாலும் கைபேசி முதுமையடைந்துவிடவில்லை. 2022-இல் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே. ஆனால் உன் சந்தேகத்தில் நியாயம் இருக்கலாம். பணம் இல்லை என்றால் பணம் இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்வதே நல்லது என்று உன் அப்பாவுக்கு இந்தப் பத்தியின் வழியாகச் சொல்லிவைக்கிறேன். பாதுகாப்புப் புதுப்பிப்புகள் அந்தக் கைபேசிக்கு இனி வராது என்ற நிலை ஏற்பட்டால், அப்போது உன் வழக்கை மறுபடியும் விசாரிக்கலாம்.

கேள்வி: வினிகரும் சமையல் சோடாவும் கலந்தால் வீடு முழுவதையும் சுத்தம்செய்யலாம் என்கிறார்களே?

பதில்: இரண்டையும் கலந்தால் நுரை வரும், நுரை அடங்கிய பின் மிஞ்சுவது பெரும்பாலும் சோடியம் அசிட்டேட் என்ற உப்பு கலந்த தண்ணீர். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்வதால் இரண்டின் வேலையும் கெடுகிறது. குழாயில் படியும் வெள்ளை உப்புக்கறைக்கு வினிகரைத் தனியாகவும், எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடாவைத் தனியாகவும் பயன்படுத்துங்கள். எக்காரணம் கொண்டும் வினிகரையோ கழிவறை அமிலத்தையோ பிளீச்சிங் கரைசலோடு சேர்க்காதீர்கள். அதிலிருந்து எழும் குளோரின் வாயு நுரையீரலைப் புண்ணாக்கும்.

கேள்வி (ஒரு வாசகர்): கழிவறைத் தொட்டிக்குள் செங்கல் போட்டால் தண்ணீர் மிச்சமாகும் என்று படித்தேன். உண்மையா?

பதில்: உண்மைதான்; நானும் போட்டிருக்கிறேன். சில மாதங்களில் செங்கல் கரைந்து, அதன் துகள் வால்வில் சிக்கி, தொட்டி இரவெல்லாம் ஒழுகி, மிச்சப்படுத்திய தண்ணீரைப்போலப் பல மடங்கு போய், அதற்கு மேல் பிளம்பருக்கும் பணம் கொடுத்தேன். தண்ணீர் நிரப்பி இறுக மூடிய ஒரு லிட்டர் பாட்டிலை, மிதவையிலும் வால்விலும் படாமல் ஓர் ஓரமாக வையுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் மிச்சம். அதற்கு முன் வீட்டுக் குழாய்களைப் பார்த்துவிடுங்கள். விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகும் குழாய் ஒரு நாளில் ஏறத்தாழ 20 லிட்டரை வீணாக்கும். பெரும்பாலும் ஒரு சிறு வாஷரை மாற்றினால் ஒழுக்கு நின்றுவிடும்.

கேள்வி (வாடகை வீட்டில் வசிக்கும் ஒருவர்): மின்சாரம் குறைவாக இழுக்கும் கருவிகள் நல்லவைதான். ஆனால் அவற்றின் விலை அதிகம். மாதம் முழுவதும் பற்றாக்குறையில் ஓட்டுகிறவன், நாளைய சேமிப்புக்காக இன்று எங்கிருந்து பணத்தைக் கொண்டுவருவது?

பதில்: வந்த கடிதங்களில் மிகக் கடினமான கேள்வி உங்களுடையதுதான். சிக்கனக் கணக்கும் பசுமைக் கணக்கும் மற்ற எல்லா இடங்களிலும் கைகோத்து நடந்தாலும், இந்த ஓர் இடத்தில் பிரிந்துவிடுகின்றன. வசதி உள்ளவர் ஒரே முறை அதிகம் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் குறைவாகக் கட்டுகிறார். இல்லாதவர் மலிவானதை வாங்கிவிட்டு ஒவ்வொரு மாதமும் கூடுதலாகக் கட்டுகிறார். இதை அறிவுரையால் சரிசெய்துவிட முடியாது; அரசின் மானியங்களும், வாடகை வீடுகளுக்கான விதிகளும்தான் உண்மையில் சரிசெய்ய வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. செலவே இல்லாத காரியங்களிலிருந்து தொடங்கி, அவற்றால் மின்கட்டணத்திலும் எரிவாயுவிலும் குறைந்த தொகையை, வீட்டுச் செலவோடு கலக்கவிடாமல் ஓர் உறைக்குள் தனியாகப் போட்டு வாருங்கள். உறையில் முதலில் சேரும் பணத்தில், அதிக நேரம் எரியும் விளக்கு எதுவோ அதை மாற்றுங்கள். 60 வாட் குண்டு பல்பு நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் 9 யூனிட். அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி.க்கு 1.35 யூனிட். அந்த வித்தியாசத்தையும் உறையில் போடுங்கள். அடுத்தது, அதிக நேரம் ஓடும் மின்விசிறி. பழைய வகை 75 வாட் எடுக்கும் இடத்தில், மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. வகை ஏறத்தாழ 30 வாட் எடுக்கிறது. நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் ஆண்டில் 197 யூனிட் மிச்சம். எப்போதாவது ஓடும் மின்விசிறியை மாற்றினால் போட்ட பணம் திரும்பிவரப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே கருவியின் தரத்தைப் பார்ப்பதற்கு முன் அது ஓடும் மணிக்கணக்கைப் பாருங்கள். விளக்கும் மின்விசிறியும் வீடு மாறும்போது கழற்றி எடுத்துச் செல்லக்கூடியவை. பழையவற்றைப் பத்திரமாக வைத்திருந்து, காலி செய்யும்போது மாட்டிவிட்டுப் போகலாம்.

ஓடிக்கொண்டிருக்கும் பெரிய கருவிகளை, பழையவை என்ற ஒரே காரணத்துக்காக மாற்ற வேண்டாம். அவை தாமாக நிற்கும் நாளில் கையில் ஏதேனும் பணம் இருந்தால்தான் நல்லதைத் தேர்ந்தெடுக்க முடியும். அவசரத்தில் கடனுக்கு வாங்குபவருக்குக் கிடைப்பது கடையில் மிக மலிவாக இருப்பதுதான். இருக்கை, மேசை, மிதிவண்டி, பாத்திரம், புத்தகம் போன்றவற்றைப் பிறர் பயன்படுத்திய நிலையில் தயங்காமல் வாங்குங்கள். மிகப் பழைய குளிர்சாதனப் பெட்டியை மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் யோசியுங்கள். அதன் விலையை மின்கட்டணமாகக் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: குப்பை வண்டி ஒழுங்காக வருவதில்லை. பிளாஸ்டிக்கை எரித்துவிடலாமா?

பதில்: கூடாது. குறிப்பாக, பி.வி.சி. கலந்த பொருள்கள் தாழ்ந்த வெப்பத்தில் எரியும்போது டையாக்ஸின் போன்ற நச்சுகள் உண்டாகின்றன. அதை முதலில் சுவாசிப்பது உங்கள் வீட்டுப் பிள்ளைகள். பிளாஸ்டிக் கொஞ்ச நாள் காத்திருந்தாலும் நாறாது. நாறுவது ஈரக்குப்பை, அதைப் பிரித்துவிட்டால் சிக்கலின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அடியில் துளையிட்ட ஒரு பழைய வாளியில், அடுக்களைக் கழிவு ஒரு பங்குக்குக் காய்ந்த சருகோ கிழித்த அட்டையோ இரண்டு பங்கு என்று மாற்றி மாற்றிப் போட்டு வாருங்கள். நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது. சருகைச் சேர்த்துக் கிளறிவிடுங்கள். பிழிந்த துணியின் ஈரம் இருந்தால் போதும், சில மாதங்களில் மண்ணின் மணம் வந்துவிடும். ‘மக்கும் பிளாஸ்டிக்’ என்று விற்பவற்றை இதில் போட வேண்டாம். அவற்றில் பரவலாகப் பயன்படும், தாவர மாவுப்பொருளிலிருந்து செய்யப்படும் பி.எல்.ஏ. வகை மக்குவதற்குத் தொழிற்கூட உரக்கிடங்குகளில் இருக்கும் 60 டிகிரி அளவிலான சூடு தேவை. மறுசுழற்சியையும் பெரிதாக நம்பிவிடாதீர்கள். 2015 வரை உருவான பிளாஸ்டிக் கழிவு முழுவதிலும் மறுசுழற்சிக்குப் போனது ஏறத்தாழ 9 சதவீதமே.

கேள்வி (ஓர் ஆசிரியர்): இப்படியெல்லாம் மிச்சப்படுத்திய பணத்தை வேறெதிலாவது செலவழித்தால், அதுவும் சுற்றுச்சூழலுக்குக் கேடுதானே? சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்துவிடுகிறோமே?

பதில்: கூர்மையான கேள்வி, இதற்கு வயது 150-க்கு மேல். நீராவி எந்திரங்கள் குறைந்த நிலக்கரியில் இயங்கத் தொடங்கியபோது, நிலக்கரிச் செலவு குறையாமல் கூடவே செய்யும் என்று பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865-இல் எழுதினார். வீடுகளிலும் இது நடக்கிறது. மின்விளக்கு மலிவானதும் வாசலில் விடிய விடிய விளக்கு எரியவிடுகிறோம். எரிபொருளைக் குறைவாகக் குடிக்கும் வாகனம் வந்ததும் அடுத்த தெருவுக்குக்கூட அதை எடுக்கிறோம். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான் என்றாலும், எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயுவாக வெளியேறுகிறது என்பதை அப்போது யாரும் நினைப்பதில்லை.

ஆனால் இந்த வாதத்தை ஏழை வீட்டின்மேல் ஏற்றுவதை நான் ஏற்கமாட்டேன். போதிய வெளிச்சம் இல்லாத வீட்டில், மிச்சமான பணத்தால் பிள்ளை படிக்கும் இடத்தில் இன்னொரு விளக்கு எரிந்தால், அது கேடு என்று எந்தக் கணக்கைக் காட்டினாலும் எனக்கு ஒப்பாது. மிச்சமான தொகை கடனுக்குப் போகட்டும், மருத்துவத்துக்கும் படிப்புக்கும் போகட்டும். அவற்றுக்குப் பிறகும் ஏதேனும் மிஞ்சினால், மேலே அந்த வாடகை வீட்டுக்காரருக்குச் சொன்ன உறைக்குள் போடுங்கள். உங்கள் வீட்டில் அடுத்து நிற்கப்போகும் கருவி எது என்று இப்போதே ஓரளவு தெரிந்திருக்குமே.